நான் கெடுத்த பேட்டிங் வரிசை

2023ஆம் ஆண்டு சான் டியேகோவில் இரண்டு பேஸ்பால் அணிகள் ரன் எடுக்க முடியாமல் தவித்தன. ஒன்று, ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கே கிட்டத்தட்ட 25 கோடி டாலர் கொட்டிய பாட்ரேஸ். இன்னொன்று, ஆட்டம் முடிந்ததும் ஆரஞ்சுச் சுளையும் ஜூஸும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்படும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் அணி. முதல் அணியை டிவி முன்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது அணிக்கு நான்தான் பேட்டிங் பயிற்சியாளர். இரண்டும் ஏன் தோற்கின்றன என்று யார் கேட்டாலும் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: "நெஞ்சுல தெம்பு இல்லைங்க."

எனக்கு பேஸ்பால் தெரியும் என்ற நினைப்பு கிரிக்கெட்டிலிருந்து வந்தது. திருச்சியில் கல்லூரி அணிக்குத் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கியவன் நான். பெரிய ஆள் எல்லாம் இல்லை. ஆனால் கட்டை போடுவதில் பெயர் எடுத்திருந்தேன். "விக்கெட்டை மட்டும் தூக்கிக் கொடுத்துட்டு வராதே" என்பதுதான் எங்கள் பயிற்சியாளர் எனக்குச் சொன்ன மந்திரம், உபதேசம் எல்லாம். மகன் சேர்ந்த அணியில் உதவிக்கு ஓர் அப்பா வேண்டும் என்றார்கள். கிரிக்கெட் ஆடியிருக்கிறேன் என்றேன். தலைமைப் பயிற்சியாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். அப்படியானால் பேட்டிங்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அவரை இப்போதும் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு தன்னம்பிக்கையோடு ஒருவன் வந்து நின்றால் யாருமே நம்பத்தான் செய்வார்கள்.

அந்த வசந்தத்தில் ஊரே பாட்ரேஸ் பைத்தியம் பிடித்து அலைந்தது. 1969இல் தொடங்கிய அணி, ஒரு முறைகூட உலகத் தொடரை வென்றதில்லை. ஆனால் 2022 அக்டோபரில், அந்தப் பருவத்தில் 111 ஆட்டங்களை வென்றிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸை பிளேஆஃபில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஸாண்டர் போகார்ட்ஸை 11 ஆண்டுகளுக்கு 28 கோடி டாலர் கொடுத்து அழைத்துவந்தார்கள். மேனி மச்சாடோவுக்கு 35 கோடியில் புதிய ஒப்பந்தம். ஹுவான் சோட்டோ முந்தைய ஆகஸ்டிலேயே வந்துவிட்டார். ஊக்கமருந்துத் தடையில் இருந்த ஃபெர்னாண்டோ டாட்டிஸும் ஏப்ரலில் திரும்பினார். பேட்டிங் வரிசையின் முதல் நான்கு பெயர்களைப் படித்தாலே எதிரணியில் பந்தெறியும் பிட்சருக்கு வயிறு கலங்க வேண்டும். பெட்கோ பார்க் மைதானத்துக்கு அந்த ஆண்டு 32 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அணியின் வரலாற்றிலேயே அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

வந்தவர்கள் பார்த்தது என்ன? பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசையாக மாறி மாறி ஆடுவார்கள். பேஸ் எனப்படும் மூன்று நிலைகளையும் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கு ஓடி வந்தால் ரன். இரண்டாவது அல்லது மூன்றாவது பேஸில் ஆள் நின்றால், சுமாரான ஓர் அடி போதும், ரன் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் பாட்ரேஸ் வாயடைத்துப் போவார்கள். ஆள் நிற்பான், அடி வராது. மே மாதத்தில், இப்படி ஆள் நிற்கும்போது அடிக்கும் சராசரியில் 30 அணிகளின் பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்தார்கள். நான் சோஃபாவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னேன்: "பணம் வந்துடுச்சு, பசி போயிடுச்சு."

மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது எளிமையான பாடம். அவுட் ஆகாதே. பந்தைப் பார். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடு. கிரிக்கெட்டில் இதில் பாதி தவறு இல்லை. அங்கே அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது, பெவிலியனில் உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான். பேஸ்பாலில் அவுட் ஆனவன் இன்னும் அரை மணியில் மறுபடி வந்து நிற்பான். அதோடு, ஸ்டம்ப்பை விட்டு விலகிப் போகும் பந்தை நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கலாம், கிரிக்கெட் உங்களை ஒன்றும் செய்யாது. பேஸ்பாலில் ஸ்ட்ரைக் எல்லைக்குள் வரும் பந்தை மூன்று தடவை விட்டால் அம்பயரே வெளியே அனுப்பிவிடுவார். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததில்லை. விதியாகத் தெரியும். உடம்பில் இறங்கவில்லை.

மட்டையை வீசித் தவறவிட்டு அவுட் ஆகி வருகிற பையனை பெஞ்சின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, குனிந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் விளக்கம் கொடுப்பேன். கத்த மாட்டேன். கத்தாமல் சொன்னால் அது கண்டிப்பு ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீசாமல் நின்று அவுட் ஆகி வந்தவனின் தோளைத் தட்டி, "பரவாயில்லை, பந்தை நல்லா பார்த்தே" என்பேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரிசையையும் மாற்றினேன். போன ஆட்டத்தில் அடித்தவன் மேலே, சொதப்பியவன் கீழே. ஒரே ஒரு சனிக்கிழமையை வைத்து ஒன்பது வயதுப் பையனுக்கு ரேங்க் போட்டேன். அலுவலகத்தில் இவ்வளவு சின்னத் தரவை வைத்து யாராவது முடிவு சொன்னால் முதலில் சிரிப்பவன் நான்தான்.

இதில் வேடிக்கை, ஆரம்பத்தில் இது பலித்தது. 46 அடி தூரத்திலிருந்து எறியும் அந்த வயதுப் பிட்சர்களுக்குப் பருவத் தொடக்கத்தில் கை நிலையாக இருக்காது. பந்து தலைக்கு மேல் போகும், காலடியில் விழும். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றாலே நான்கு தவறான பந்துகள் வந்துவிடும், இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போகலாம். எங்கள் பிள்ளைகள் நடந்தார்கள். நடந்தே ரன் எடுத்தார்கள். ஜெயித்தோம். மற்ற பெற்றோர் என் கையைக் குலுக்கினார்கள். அமெரிக்காக்காரனுக்கே அவன் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று திருச்சிக்கு போன் போட்டுப் பெருமை அடித்தேன்.

ஏப்ரல் போனது. எதிரணிப் பிட்சர்களுக்குக் கை பழகியது. பந்து நேராக நடுவில் வர ஆரம்பித்தது. எங்கள் ரன் வற்றியது.

பேஸில் ஆள் நிற்கும்போது இன்னும் மோசம். அப்போதெல்லாம் நான் டக்அவுட் கம்பியைப் பிடித்துக்கொண்டு "பார்த்து! பார்த்து!" என்று ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் குரல் கொடுப்பேன். பையன் பிட்சரைப் பார்ப்பதை விட்டு, பரீட்சை ஹாலில் வாத்தியார் பின்னால் வந்து நின்றதுபோல என் பக்கம் திரும்புவான். பந்து போய்விடும். ஸ்ட்ரைக். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அதே பேச்சு: "முக்கியமான நேரத்துல நெஞ்சு வேணும்டா. மச்சாடோவைப் பார், அவனுக்கும் இதே வியாதி." மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவான். அவன் களைப்பாக இருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

மச்சாடோவின் இடது கையில் பந்து பட்டு எலும்பு முறிந்தது மே மாத நடுவில். அந்த வாரத்தில்தான் எங்கள் ஸ்கோர் புத்தகம் என் கைக்கு வந்தது. அணியில் ஒரு பையனின் அம்மா எல்லா ஆட்டங்களிலும் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பென்சிலால் குறித்துவந்தார். அவர் வெளியூர் போக வேண்டியிருந்ததால், அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் எழுதுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். எழுதும் முறையைக் கற்றுக்கொள்ளலாம் என்று இரவு சாப்பாட்டு மேஜையில் விரித்தேன்.

ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வரி. வரி நெடுகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு குட்டி வைரம், அதுதான் மைதானம். பையன் எந்த பேஸ் வரை போனானோ அதுவரை பென்சில் கோடு அழுத்தமாக இருக்கும். ரன் எடுத்தால் வைரம் முழுக்கக் கறுத்திருக்கும். அவுட் என்றால் எந்த வகை அவுட் என்று ஓர் எழுத்தோ எண்ணோ. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில எழுத்து கே. முதல் சில பக்கங்களில் கறுத்த வைரங்கள் நிறைய இருந்தன, நாங்கள் நடந்து நடந்து ஜெயித்த ஆட்டங்கள். பக்கங்கள் போகப் போக வைரங்கள் வெளுத்தன. கே கூடிக்கொண்டே வந்தது. ஆனால் அந்த கே ஏதோ கோணலாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். எழுத்தைக் கண்ணாடியில் காட்டியதுபோல வலம் இடமாகத் திருப்பி எழுதியிருந்தார். ஒன்றிரண்டு நேராக, மற்றவை எல்லாம் திரும்பி.

பல் தேய்த்துவிட்டு வந்த மகனிடம் கேட்டேன்: "என்னடா இந்த ஆன்ட்டி, கே கூட ஒழுங்கா எழுதத் தெரியாதா?"

அவன் எட்டிப் பார்த்தான். "சுத்தி மிஸ் பண்ணா நேரா எழுதணும்ப்பா. சுத்தாம நின்னு அவுட் ஆனா திருப்பிப் போடணும்."

நான் பேசாமல் இருந்தேன். அவன் போகத் திரும்பியவன், ஏதோ விட்டுப்போனதைச் சொல்வதுபோல, "நீங்கதானே சுத்த வேணாம்னு சொன்னீங்க" என்றான். புகாராகச் சொல்லவில்லை. பயிற்சியாளர் சொன்னதைப் பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள் என்று எனக்குத் தகவல் சொன்னான். அவ்வளவுதான். படுக்கப் போய்விட்டான்.

நான் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன். இந்தத் தடவை ஆட்டம் ஆட்டமாகப் பார்க்கவில்லை, பையன் பையனாகப் பார்த்தேன். எங்கள் அணியிலேயே குட்டையான ஒரு பையன் இருந்தான். முதல் நாள் பயிற்சியில் அவன் மட்டையைச் சுழற்றிய வேகத்தில் ஹெல்மெட் திரும்பி முகத்தை மூடிக்கொண்டது. உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. நானும் சிரித்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டுத் திருத்தினேன். அவனுடைய வரியில் முதல் ஆட்டத்தில் இரண்டு நேர் கே. அதற்கப்புறம் நடை, நடை. பிறகு திரும்பிய கே. அடுத்த பக்கம், திரும்பிய கே. ஒவ்வொரு பக்கத்திலும் அவன் பெயர் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. இறக்கியது நான். மகனுடைய வரியும் அப்படித்தான் இருந்தது. அதை வேகமாகத் தாண்டினேன்.

எத்தனை என்று எண்ணவில்லை. நெஞ்சில் தெம்பில்லாத பிள்ளைகள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், நடுவில் வரும் பந்தை அடிக்கக் கை துறுதுறுத்தும் அடிக்காமல் நின்றிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அடுத்த பயிற்சியில் எல்லோரையும் உட்காரவைத்து, இனிமேல் தாராளமாகச் சுழற்றுங்கள் என்று சொற்பொழிவு ஆற்றினேன். தலையாட்டினார்கள். ஆட்டத்தில் மறுபடியும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பதறிப்போய் "சுத்து! சுத்து!" என்று கத்தினேன். மண்ணில் விழும் பந்துக்கும் சுழற்றினார்கள், தலைக்கு மேல் போகும் பந்துக்கும் சுழற்றினார்கள். தலைமைப் பயிற்சியாளர் சூரியகாந்தி விதையை மென்றுகொண்டே பக்கத்தில் வந்து, முதல் பேஸ் பக்கம் ஓர் ஆள் தேவைப்படுகிறது, நீங்கள் போய் நின்றால் நன்றாக இருக்கும் என்றார். அங்கே நிற்பவருக்கு அதிகம் வேலை கிடையாது. பேஸுக்கு வந்து சேர்ந்த பையனிடம் எத்தனை அவுட் என்று சொல்ல வேண்டும், முதுகில் தட்ட வேண்டும். பதவி இறக்கம் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு அவர் ஒரே வரிசையை எழுதி ஒட்டிவிட்டார். ஜெயித்தாலும் தோற்றாலும் மாற்றவில்லை. பிரமாதமாக எதுவும் நடந்துவிடவில்லை. கொஞ்சம் அடித்தார்கள், நிறைய அவுட் ஆனார்கள். ஆனால் புத்தகத்தில் கே நேராக நின்றது.

அந்தக் குட்டைப் பையன் அடுத்த பருவத்துக்கு வரவில்லை. நீச்சலில் சேர்ந்துவிட்டான் என்று அவன் அப்பா கடையில் பார்த்தபோது சொன்னார், மிகவும் மரியாதையாக. என் மகன் இன்னொரு பருவம் ஆடினான். ஆனால் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கையுறையோடு வாசலில் நின்று, "அப்பா, பந்து போடுறீங்களா?" என்று கேட்பது நின்றுவிட்டது. எந்த நாளில் நின்றது என்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஆட்டத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். செய்ய வேண்டிய வரிசை இது இல்லைதான். 714 ஹோம்ரன் அடித்த பேப் ரூத் 1,330 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருக்கிறார். அதிகத் தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் என்ற சாதனையை 2,597 என்ற கணக்கோடு இன்னும் கையில் வைத்திருக்கும் ரெஜி ஜாக்சன், புகழ் மண்டபத்தில் சிலைப் பலகையாக இருக்கிறார். 2018இல் அமெரிக்க மேஜர் லீக்கில் அடிகளைவிட ஸ்ட்ரைக் அவுட்டுகளே அதிகம். அதுவரை எந்தப் பருவத்திலும் அப்படி நடந்ததில்லை. நான் பெரிய அவமானமாக நினைத்துப் பிள்ளைகளுக்குப் பயம் காட்டிய ஒன்று, அந்த ஆட்டத்தில் தினப்படிச் செலவு.

பாட்ரேஸ் கதைக்கும் வருகிறேன். அந்தப் பருவத்தை 82 வெற்றி, 80 தோல்வி என்று முடித்தார்கள். ஆனால் மொத்தக் கணக்கில் 752 ரன் எடுத்து 648 மட்டுமே கொடுத்திருந்தார்கள். எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் வைத்து வெற்றியைக் கணிக்க பில் ஜேம்ஸ் என்பவர் உண்டாக்கிய சூத்திரம் ஒன்று உண்டு. அதில் போட்டால் 92 வெற்றி வரை வந்திருக்க வேண்டும். அந்தப் பத்து எங்கே போனது? ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன முதல் 12 ஆட்டங்களிலும் தோல்வி, கடைசி இரண்டில் மட்டும் வெற்றி. ஜெயித்தால் அள்ளிக்கொண்டு ஜெயித்தார்கள், தோற்றால் மயிரிழையில் தோற்றார்கள். அடித்தார்கள், அடிகள்தான் சேர்ந்தாற்போல் விழவில்லை.

கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகளும் இருந்தன. மேலே நான்கு கோடீஸ்வரர்கள், கீழே ஆளில்லை. கேட்சர் ஆஸ்டின் நோலாவுக்குப் பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் முகத்தில் பந்து பட்டது. அதற்குப் பின் அவர் சராசரி 0.146. மேட் கார்ப்பென்டருக்கு 0.176. 43 வயது நெல்சன் குரூஸை ஜூலையில் அனுப்பிவிட்டார்கள். மேலே இருப்பவன் பேஸுக்குப் போய் நிற்பான், கூட்டிவரக் கீழே ஆள் கிடையாது. சும்மா நடக்கிறான் என்று நான் எரிந்துவிழுந்த சோட்டோ அந்த ஆண்டு 132 தடவை நடந்தே பேஸுக்குப் போனார், 35 ஹோம்ரனும் அடித்தார். எந்தப் பந்தை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதைச் சுழற்றினால் நான் கூப்பிட்டுப் பேசுவேன் என்று மட்டும்தான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த டிசம்பரிலேயே சோட்டோவை யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மச்சாடோ, போகார்ட்ஸ், டாட்டிஸ் மூவரும் அதே ஆட்கள், அதே நெஞ்சு. அடுத்த ஆண்டு 93 ஆட்டங்களை ஜெயித்தார்கள். 30 அணிகளில் அதிக பேட்டிங் சராசரி அவர்களுக்குத்தான்.

திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். 2024 அக்டோபரில் மறுபடி டாட்ஜர்ஸோடு மோதல். 2-1 என்று முன்னிலையில் இருந்தவர்கள் திடீரென்று ஊமையாகிவிட்டார்கள். தொடரின் கடைசி 24 இன்னிங்ஸில் ஒரு ரன்கூட வரவில்லை. ஐந்தாவது ஆட்டத்தை நானும் மகனும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். யோஷினோபு யமமோட்டோ போட்டுக்கொண்டிருந்தார், எங்கள் ஆட்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"யமமோட்டோ நல்லா போடுறான், இல்ல?" என்றேன்.

"ஆமாம்ப்பா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீங்க வேற ஏதோ சொல்ல வந்தீங்க" என்றான்.